ஏழு கைகள் கோத்திருந்த மண்டபம்

ஏழு நாட்டுப் பிரதிநிதிகள் வாடைத்துறைக்கு வந்து, புயல் பாதுகாப்பு மண்டபத்தில் வட்டமாக நின்று, கைமேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போன பிறகும், அந்தக் கைகள் மட்டும் போகவில்லை. மண்டபத்தைப் பெருக்க வந்த செலஸ்தீனா, நெஞ்சுயரத்தில் காற்றில் கோத்தபடி நின்ற கைகளைப் பார்த்தாள், அவற்றைச் சுற்றிக் கிடந்த ரோஜா இதழ்களைக் கூட்டி அள்ளினாள், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே வந்து தன் அண்ணனிடம் சொன்னாள்.

"அண்ணா, வந்தவிய கைய மறந்து வச்சிட்டுப் போயிட்டாவ."

அவள் அண்ணன் சந்தியாகு ஊர்த் தலைவர், எதற்கும் பதறாத மனிதர். "ஏழும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"அப்ப கதவப் பூட்டிராத. காத்தோட்டமா இருக்கட்டும்."

கையில்லாமல் அவர்கள் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் மறுநாள் டீக்கடை டிவியில் ஏழு பேரும் ஏழு விமான நிலையங்களில் இறங்கிக் கையசைத்தார்கள், எல்லோருக்கும் இரண்டிரண்டு கைகள் சரியாக இருந்தன. அப்படியென்றால் அவர்கள் கை அவர்களிடம் இருக்கிறது, பிடித்த பிடி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது என்று சந்தியாகு விளக்கம் சொன்னார், அதற்குமேல் அதில் ஆராய என்ன இருக்கிறது என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது.

அவர்கள் வந்த காரணம் கடல். கடல் பல வருஷமாக வாடைத்துறையைத் தின்றுகொண்டிருந்தது, முதலில் வலை காயப்போடும் மணலை, பிறகு தென்னை வரிசையை, பிறகு வீடுகளை. இப்படித் தின்னப்படும் கரைகளையெல்லாம் சேர்ந்து காப்பது என்று ஏழு நாடுகள் ஒரு கூட்டமைப்பு அமைத்து, பெரிய பெரிய நகரங்களில் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் கையெழுத்தையாவது கடல் உண்மையிலேயே வருகிற ஓர் ஊரில் போடலாம் என்று யாரோ சொல்லப்போய் வாடைத்துறைக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்தது. செலஸ்தீனாவின் வீடு அப்போது கடலுக்கு முதல் வீடு, அவள் கல்யாணமாகி வந்தபோது அது நடு ஊரில் இருந்தது. உள்ளே கட்டிலில் அவள் கணவர் பெப்பின் கிடந்தார், ஒரு பக்கம் கை கால் விழுந்து, வாய் மட்டும் விழாமல். கடல் உள்ளே வந்தால் எழுந்து ஓட முடியாத ஒரே ஆள் ஊரில் அவர்தான். ஆகவே கடல் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியையும் மற்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள், செலஸ்தீனா வயிற்றால் பார்த்தாள்.

கைகள் தங்கிய மறுநாள் காலையில் கடல் வழக்கம்போல் வந்தது, ஊரின் விளிம்பில் வந்து நின்றது, அலை எழுந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அன்றும் போனது, மறுநாளும் போனது. பெப்பின் வெகு காலத்துக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார், செலஸ்தீனா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டு அழுதாள், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு.

இங்கே கரைவலைச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர் ஏன் அப்படி நம்பியது என்பது விளங்காது. கரைவலைக்கு இரண்டு கயிறு. படகு கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு இரண்டு கயிற்று முனைகளையும் கரையில் கொண்டுவந்து கொடுக்கும், ஒரு முனையை ஒரு கூட்டமும் மறுமுனையை இன்னொரு கூட்டமும் பிடித்து இழுக்க வேண்டும், ஒரு பக்கம் தளர்ந்தால் மீன் முழுக்கக் கடலுக்கே திரும்பிவிடும். அந்த மறுமுனையைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்தவர்கள் தேரிக்காரர்கள், ஊருக்குப் பின்னால் உயர்ந்து கிடக்கும் செம்மணல் மேட்டில் பனையேறிப் பிழைக்கிறவர்கள். மீன் கூட்டம் தெரிந்ததும் வாடைத்துறைக்காரர்கள் கரையில் நின்று சிவப்புத் துணி வீசுவார்கள், தேரிக்காரர்கள் போட்டது போட்டபடி இறங்கி ஓடி வருவார்கள். பதிலுக்கு, கடல் சீறும் மாதங்களில் வாடைத்துறைக்காரர்கள் பாய் தலையணையோடு தேரியில் போய்த் தங்குவார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே ஓர் இடம் ஒதுக்கிக் கிடந்தது. இதற்கெல்லாம் எழுத்து எதுவும் கிடையாது, இருந்தது ஒரே சட்டம், கயிற்றில் கை வைத்தவன் மீன் கரையேறும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தவனுக்கு மீனில் பங்கில்லை என்பதோடு அது போகாது, அவன் வீட்டுச் சாவில் பெட்டியைக் குழிக்குள் இறக்கவும் யாரும் கயிறு பிடிக்க வரமாட்டார்கள்.

இந்தச் சட்டத்தைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த ஊர், மண்டபத்தில் ஏழு கைகள் கோத்து நிற்பதைப் பார்த்து வேறெப்படி நினைக்கும்? கை வைத்துவிட்டார்கள், இனி எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். தங்கள் சட்டம் தங்களுடையது மட்டுமே என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆகவே கைகளைத் தம் வீட்டு விருந்தாளிகளாக வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கொசுவலை கட்டினார்கள், வெயில் காலத்தில் மின்விசிறி வைத்தார்கள். பங்குச்சாமியார் வந்து பார்த்து, இதில் பல மதத்துக் கைகள் இருப்பதால் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பது முறையாகாது, மெழுகுவத்தி ஏற்றுவதில் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் மேலே மூடிக் கிடந்தது பெரிய நாட்டுக் கை, மோதிரம் போட்ட தடித்த கை. அதற்குக் கீழே, பெரிய கை அசைந்தால் தானும் அசைகிற மை படிந்த கை. நடுவில் கடிகாரம் கட்டிய கை ஒன்று, அந்தக் கடிகாரம் பிடிவாதமாகத் தன் நாட்டு நேரத்தையே காட்டியதால், அங்கே இப்போது சாப்பாட்டு வேளை, இப்போது தூங்கும் வேளை என்று பெண்கள் மீன் ஆய்ந்துகொண்டே சொல்லிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், மற்ற ஆறையும் தாங்கிக்கொண்டு, பாசிமணி கட்டிய மெலிந்த பெண் கை. அது தீவு நாட்டுக் கை. பள்ளிக்கூட வாத்தியார் உலகப் படத்தில் அந்த நாட்டைத் தேடி, அச்சில் விழுந்த புள்ளி என்று நினைத்து நகத்தால் சுரண்டிவிட்டதாகச் சொன்னார்.

கைகளுக்கு நகம் வளர்ந்தது. யார் வெட்டுவது என்று பெண்களுக்குள் சண்டை வந்து, கடைசியில் மண்டபத்துச் சாவியை வைத்திருந்த செலஸ்தீனாவிடமே அந்த வேலை வந்து சேர்ந்தது. சனிக்கிழமைதோறும் பெப்பினின் நல்ல கைக்கும் விழுந்த கைக்கும் நகம் வெட்டிவிட்டு, அதே பிளேடைக் கழுவி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய், நாடு நாடாக நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவிவிட்டு வருவாள். எங்கோ இரண்டு நாடுகள் ஒரு கப்பலுக்காக முறைத்துக்கொண்டால் இங்கே கைகள் வியர்த்தன, அவள் முந்தானையால் துடைத்தாள். பெரிய நாட்டில் தேர்தல் வந்தால் பெரிய கை அரித்தது, சொறிந்துவிட்டாள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். சுவருக்காகச் சண்டை போட்ட பங்காளிகளைப் பிடித்து வந்து கைகளின் முன் நிறுத்தி, "கண்டம் விட்டுக் கண்டம் கோத்துக்கிட்டு நிக்காவ, ஒரு செங்கலுக்கு நீங்க வெட்டிக்கிடுதிய" என்று சந்தியாகு திட்டினார், பங்காளிகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வெளியே நின்ற கடல் மட்டும் சும்மா நிற்கவில்லை. உள்ளே வரவேண்டிய தண்ணீரெல்லாம் பின்னால் பின்னால் வந்து சேர்ந்ததில், கடல் ஊரைவிட உயரமாகிவிட்டது, மீன் பிடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மேட்டிலிருந்து இறங்குவது போலப் படகைக் கரைக்கு இறக்க வேண்டியிருந்தது. அதையும் ஊர் பழகிக்கொண்டது.

கூட்டமைப்பின் செயலாளர் வருஷத்துக்கு ஒருமுறை கைகளைப் பார்வையிட வருவார். எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் எல்லா நாட்டுக்கும் பொதுவானவன் என்பார், கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரிப்பார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல மதுவந்தி என்ற சென்னைப் பெண் கூட வருவாள். ஒருமுறை அவர்கள் வந்தபோது கரைவலை இழுக்க ஓர் இழுவை எந்திரமும் கூட வந்தது, மேலே ஏழு கொடிகள் வரைந்தது, ஒரே ஆள் விசையைத் தட்டினால் இரண்டு கயிற்றையும் அதுவே இழுக்கும். எல்லோரும் எந்திரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதுவந்தி சந்தியாகுவிடம் சொன்னாள், "சார் என்ன சொல்றார்னா, கூட்டமைப்போட பாதுகாப்புல இருக்கிற ஊர் தனியா வேற யார்கூடவும் இப்படி ஏற்பாடு வச்சுக்கக் கூடாதாம். வச்சுக்கிட்டா கூட்டமைப்பு மேல நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும்."

"நாங்க வேற யாருகூட வச்சிருக்கோம்?"

"மேல அந்த மணல்மேட்டுல இருக்கிறவங்ககூட."

"அது தேரி. அவிய நம்ம பக்கத்து ஆளுவல்லா."

செயலாளர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். "அவங்களைத்தான் சார் சொல்றார்," என்றாள் மதுவந்தி.

ஊர்க்கூட்டத்தில் செலஸ்தீனா எழுந்து நின்றாள். "அண்ணா, மேல நமக்குன்னு கெடக்க எடத்த என்னத்துக்கு விடணும்? அவரு ஓடமாட்டாரு. இதும் இருக்கட்டும், அதும் இருக்கட்டுமே."

"ஏட்டி, ஏழு நாட்டுக்காரன் கை வச்சிருக்கான். இன்னுமா பனங்காட்ட நம்பிக்கிட்டு இருக்கணும்? கயித்துல கை வச்சவன் விடுவானா, நீயே சொல்லு."

கூட்டம் தலையாட்டியது. செலஸ்தீனாவும் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த முறை சாளை மீன் கூட்டம் வந்தபோது யாரும் சிவப்புத் துணி வீசவில்லை. மேலிருந்து மீன் மின்னுவதைப் பார்த்துவிட்டுத் தேரிக்காரர்களின் தலையாள் ஆதிலிங்கம் தானாகவே இறங்கி வந்தார், தோளில் ஒரு பதநீர்ப் பானையோடு. எந்திரம் தாங்கள் பிடிக்கும் கயிற்றையும் சேர்த்து இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலைவரே, துணி வீசலியே?"

"இனிமே இது இழுத்துக்கிடும் அண்ணாச்சி. ஒங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

"மேல ஒங்க எடமெல்லாம்?"

"நீங்களே வச்சுக்கிடுங்க."

ஆதிலிங்கம் தலையாட்டினார். "நாங்க கயித்த விடல்ல தலைவரே. எங்க கையிலேருந்து நீங்கதான் வாங்கிட்டிய. அத மட்டும் ஞாபகத்துல வச்சுக்கிடுங்க." பதநீர்ப் பானையைப் பெப்பினுக்கென்று செலஸ்தீனா வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் தேரி ஏறிப் போனார்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிய கதையை எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறார்கள். குதிரை கரையத் தொடங்கும்போது முதலில் எந்தக் கால் கரையும் என்று அந்தக் கதையில் யாரும் சொல்வதில்லை. வாடைத்துறையில் முதலில் போனது கடிகாரக் கை. ஒரு காலையில் மண்டபத்தில் டிக் டிக் சத்தம் இல்லை, கையும் இல்லை. அங்கே ஆட்சி மாறிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். கடல் ஓரடி உள்ளே வந்து மிச்சமிருந்த கரை மணலில் உட்கார்ந்துகொண்டது. சந்தியாகு தகவல் அனுப்ப, செயலாளர் வந்து மீதிக் கைகளை ஆட்டிப் பார்த்துவிட்டுத் தெருவழியே நடந்து வந்தார்.

"மீதி ஆறு கைகளோட பிடி உறுதியா இருக்குன்னு சார் சொல்றார்," என்றாள் மதுவந்தி. "நடந்ததுக்கு ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறார்."

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த பெப்பின் இதைக் கேட்டார். "கவலைய நாங்களே பட்டுக்கிடுதோம் தாயி, அவருக்கு என்னத்துக்கு அந்தச் செரமம்?" மதுவந்தி அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த வருஷம் குளிர் நாட்டுக் கை, தன் வீட்டிலேயே ஆயிரம் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனது. பிறகு வேறு இரண்டு கைகள் எதற்கோ ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, சில நாள் ஈரமாகவே இருந்து, ஒரே நாளில் இரண்டும் போயின. ஒவ்வொரு கை போகும்போதும் கடல் இன்னும் சில அடி உள்ளே வந்தது, இழுவை எந்திரத்தை அதன் ஏழு கொடிகளோடு எடுத்துக்கொண்டது, மாதா சிலை வைத்த கெபியின் படிகளை எடுத்துக்கொண்டது, செலஸ்தீனா வீட்டுப் பின்சுவரில் வந்து சாய்ந்து நின்றது. ஒவ்வொரு முறையும் ஆழ்ந்த கவலை வந்தது, அதன் ஆழத்தைப் பற்றி ஊருக்குச் சந்தேகமே இல்லை. மிச்சம் இருந்தவை பெரிய கை, மை படிந்த கை, அடியில் தீவுக் கை. பெரிய கை இருக்கும்வரை பயமில்லை என்று ஊர் சொல்லிக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை செலஸ்தீனா பிளேடோடு போனாள். பெரிய கையில் வெட்ட நகம் இல்லை. போன வாரமும் இல்லை, அதற்கு முந்தின வாரமும் இல்லை என்பது அப்போதுதான் அவள் புத்தியில் உறைத்தது. மை படிந்த கையும் அப்படியே. தீவுக் கைக்கு மட்டும் நகம் நீண்டு வளர்ந்திருந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த வலைநூலை எடுத்து, பெரிய கைக்கும் அதன் கீழிருந்த கைக்கும் நடுவே விட்டு இழுத்தாள், நூல் எதிலும் தட்டாமல் மறுபக்கம் வந்துவிட்டது. அந்தக் கை எதையும் பிடித்திருக்கவில்லை. வெறுமனே மேலே கிடந்தது. எத்தனை காலமாகக் கிடந்ததோ, இத்தனை காலமும் அதற்கு எண்ணெய் தடவியிருக்கிறாள், வியர்வை துடைத்திருக்கிறாள்.

"எம் புருசனுக்கு விழுந்த கையிலகூட நகம் வளருது. ஒனக்கு என்ன கேடு?" என்று அவள் அந்தக் கையிடம் கேட்டாள்.

நேரே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். முன்னறையில் நாற்காலிகளும் கூட்டமைப்பு கொடுத்த கேடயங்களும் இருந்தன. அவரைத் தேடி உள்ளே போனால் வீடு காலியாக இருந்தது, பீரோ இல்லை, கட்டில் இல்லை, திருக்குடும்பப் படம் மாட்டியிருந்த சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சந்தியாகு அடுப்படியில் தனியாக நின்று தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மைனி எங்க?"

"தூத்துக்குடில. புள்ளைய படிப்புக்கு அங்கன ஒரு வீடு பாத்திருக்கு."

"எப்பயிருந்து?"

அவர் தேநீரை மறுபடி உயர்த்தி ஊற்றினார்.

"அந்தக் கை பிடிக்கலன்னு ஒனக்குத் தெரியும்."

"ஏட்டி, நான் வெளிய சொன்னா ஊரு பதறும். ஊரு பதறுனா கூட்டமைப்புக்குக் கெட்ட பேரு, மிச்சக் கையும் போயிரும். வருஷ விழா வருது. அதுவரைக்கும் பொறு."

"ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லியிருக்கலாம்லா அண்ணா. அவரு நடக்கமாட்டாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

சந்தியாகு தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார், அது எப்போதோ ஆறிவிட்டது. கடல் செய்ததை அவள் பொறுத்துக்கொண்டாள், கண்டம் கடந்த நாடுகள் செய்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு அவள் யார்? ஒரே வயிற்றில் பிறந்தவன் தன் பீரோவை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு அவள் புருஷனைக் கடலோரத்தில் விட்டுவைத்ததை அவளால் பொறுக்க முடியவில்லை. வாசலில் நின்று வாய்விட்டு அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு தேரி ஏறினாள்.

ஆதிலிங்கம் பனையடியில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்கு முன்பு ஒதுக்கிக் கிடந்த இடத்தின் பக்கம் கையைக் காட்டினார், அங்கே பனங்கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன.

"என்னய விடுங்க அண்ணாச்சி. அவர மட்டும் ஏத்திக்கிடுங்க. ஒரு கட்டில் போட எடம் போதும்."

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி. ஆனா கீழ உள்ளவுக கயித்த வாங்கிட்டாகன்னு எங்க ஆளுகளுக்கு மனசு ஆறல. துணி வீசாம நாங்க எறங்க முடியாது. வீசுனா எறங்காம இருக்கவும் முடியாது. அதானே சட்டம்."

"அந்தத் துணி எங்கிட்டதான் இருக்கு. அவரு கட்டில்ல விரிச்சிருக்கேன்."

"பெறகென்ன," என்று ஆதிலிங்கம் அரிவாளை மறுபடி தீட்டத் தொடங்கினார்.

அவள் இறங்கி வந்தபோதே வருஷ விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், அண்ணன் பார்த்துப் பார்த்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். இருட்டில் வீசினால் துணி மேலே தெரியாது, விடிந்ததும் வீசலாம் என்று அவள் இருந்தாள், ஆனால் மறுநாள் காலை வெகு சீக்கிரமாகவே கார்கள் வந்துவிட்டன. ஏழு நாடுகளில் இரண்டுதான் ஆள் அனுப்பியிருந்தன. பெரிய நாட்டின் புதிய பிரதிநிதி நீளமாகப் பேசினார். "இந்தக் கூட்டமைப்பு தன் வேலையை வெற்றியா முடிச்சு, அடுத்த கட்டத்துக்கு நகருதுன்னு சொல்றார்," என்றாள் மதுவந்தி. முடித்து என்ற சொல்லை ஊர் கவனிக்கவில்லை, வெற்றி என்ற சொல்லுக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் பெரிய கை போனது. அதைப் பார்த்து மை படிந்த கையும் போனது. படம் எடுத்தவர்கள் பெட்டியைக் கட்டினார்கள், செயலாளர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார், கார்கள் உறுமத் தொடங்கின. பந்தலின் கடைசிக் கால் தண்ணீரில் நின்றது.

மண்டபத்தில் தீவுக் கை மட்டும் தனியாக, ஒன்றுமில்லாததை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றது. பிடித்த பிடியில் அதன் நகங்கள் அதன் உள்ளங்கையிலேயே பதிந்திருந்தன.

"இந்தத் தீவுக்காரவியள்ல ஒருத்தரும் வரலியா?" என்று செலஸ்தீனா மதுவந்தியைக் கேட்டாள்.

"அந்த நாடு இப்ப இல்லக்கா. போன மழைக்காலத்துலயே மூழ்கிடுச்சு. கூட்டத்துல அவங்க நாற்காலியை மட்டும் எடுக்காம வச்சிருக்காங்க." சொல்லிவிட்டு மதுவந்தி ஓடினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, கார் கிளம்பிவிட்டது.

நாடே இல்லாமல் போன பிறகும் விடாத கையை செலஸ்தீனா பார்த்தாள். கயிற்றுச் சட்டம் அந்த மூழ்கிய தீவிலும் இருந்திருக்க வேண்டும். அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாக நெகிழ்த்தி, உள்ளே தன் கையைக் கொடுத்தாள், அது கப்பென்று பிடித்துக்கொண்டது, கடலடித் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்தது. அவள் வீட்டுப் பின்சுவரைத் தாண்டிவிட்ட கடல், மண்டபத்தின் முதல் படியில் பனை உயரத்துக்கு எழுந்து, அப்படியே நின்றது.

"அண்ணா, அவரு கட்டில்ல கெடக்க துணிய எடுத்து வீசு," என்று அவள் கத்தினாள்.

சந்தியாகு அவள் வீட்டுக்குள் ஓடி, பெப்பினைப் புரட்டி, அடியில் கிடந்த சிவப்புத் துணியை உருவி, தெருவில் நின்று வீசினார். தேரியிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள், ஒருவரும் பழைய பேச்சு பேசவில்லை, கரையிலிருந்து மேடு வரை வரிசையாக நின்று, வலை இழுப்பது போல ஊரை மேலே இழுத்தார்கள், குழந்தைகளை, ஆடுகளை, பானைகளை, கட்டிலோடு பெப்பினை. கடைசியாகச் சந்தியாகு மண்டப வாசலுக்கு வந்தார்.

"நீ பிடிச்சிக்கிட்டு இரு தங்கச்சி. எல்லாரும் ஏறிட்டாவளான்னு பாத்துட்டு வந்து நான் மாத்திக்கிடுதேன்."

"வருவியா?"

"வாரேன்."

அவள் கையை எடுத்தால், இத்தனை வருஷம் தேங்கிய கடல் தேரி வரை ஏறும், மேலே உள்ள நல்ல தண்ணீர் ஊற்றெல்லாம் உப்பாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே மேலே போய்ச் சேர்ந்ததும் ஊர் பனையடியில் கூடியது. செலஸ்தீனா ஒருத்தியே பிடித்திருப்பது நியாயமில்லை, முறைவைத்து எல்லோரும் பிடிக்க வேண்டும் என்று ஒருமனதாக முடிவெடுத்தது. முதல் முறை யாருடையது என்பதை மட்டும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு குழு போட்டார்கள், சந்தியாகு அதன் தலைவர். குழு கூடியது, பிறகும் கூடியது. வாத்தியார் பாதி மேடு இறங்கி வந்து, அங்கிருந்தே வாயருகே கையைக் குவித்து, "ஊரே ரொம்பக் கவலையா இருக்கு செலஸ்தீனா" என்று கூவிவிட்டுத் திரும்பினார். அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த பிறகு நிற்கக் கால்கள் வலித்தன.

மேலே பெப்பின் ஆதிலிங்கத்தைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, என்னயக் கீழ கொண்டு விடுங்க. மொறைக்கு நான் போறேன்."

"ஒம்ம கையில பிடி இல்லியே."

"பிடி உள்ளவனெல்லாம் போனானா?"

ஆதிலிங்கம் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு மேடு இறங்கினார். மண்டபத்தில் செலஸ்தீனாவின் பக்கத்தில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். பெப்பின் தன் நல்ல கையால் விழுந்த கையைத் தூக்கி, கோத்திருந்த இரண்டு கைகளுக்கும் மேலே வைத்தார். அதற்குப் பிடி இல்லை, கனமும் சூடும்தான் இருந்தன. பெரிய கையும் இப்படித்தான் மேலே கிடந்தது என்று செலஸ்தீனா நினைத்தாள், ஆனால் அது இப்படிக் கனக்கவில்லை. நெடுநேரம் கழித்துத் தீவுக் கையின் சில்லிப்பு கொஞ்சம் குறைந்தது.

"நகம் குத்துது," என்றாள் செலஸ்தீனா. "இதுக்கு மறுபடி வளருது."

ஆதிலிங்கம் இடுப்பிலிருந்த பாளை சீவும் அரிவாளை உருவிப் பார்த்தார். "இது ஆகாது தாயி. பிளேடு கொண்டாரேன்."

"எப்ப?"

"நாளைக்கு வாரேன்."

ஆதிலிங்கம் மறுநாள் வந்தார். சந்தியாகு இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.